நீர்மூழ்கிக் கப்பலின் வடிவமும் பாய்மக் கணிப்பும்: ஒரு வரலாறு

நீர்மூழ்கிக் கப்பலின் வெளிக்கூட்டைச் சுற்றி நீர் எவ்வாறு ஓடுகிறது என்பதைக் கணினி மென்பொருளால் கணக்கிட்டு, அதன் வேகம், திரும்பும் திறன், எழுப்பும் ஓசை ஆகியவற்றைக் கப்பல் கட்டப்படும் முன்பே மதிப்பிடுவது இன்று வழக்கமான பொறியியல் பணியாகிவிட்டது. இத்துறைக்குக் கணிப்பியப் பாய்ம இயக்கவியல் என்று பெயர். பாய்மம் என்பது நீர், காற்று போன்று ஓடும் பொருள்களைக் குறிக்கும். கணினி தரும் விடையை நம்பலாம் என்ற நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. இழுவைத் தொட்டிகள், காற்றுச் சுரங்கங்கள், சோதனைக் கப்பல்கள் ஆகியவற்றில் நூறாண்டுக்கும் மேலாகச் செய்யப்பட்ட அளவீடுகளே அந்த நம்பிக்கைக்கு அடிப்படை.

வடிவத்தின் முக்கியத்துவம்

நீரின் மேல் ஓடும் கப்பல் அலைகளை எழுப்புகிறது. அதன் இயந்திர ஆற்றலில் ஒரு பகுதி அந்த அலைகளிலேயே கரைந்துபோகிறது. ஆழத்தில் செல்லும் நீர்மூழ்கி அலை எழுப்புவதில்லை. அங்கு நீர்த்தடை இரு வகைகளில் ஏற்படுகிறது. ஒன்று, கூட்டின் பரப்பில் நீர் உராய்வதால் வரும் தடை. மற்றொன்று, கூட்டின் பின்பகுதியில் நீரோட்டம் சீராகச் சேராமல் பிரிந்து சுழல்வதால் வரும் தடை. முன்னது கப்பலின் பரப்பளவைப் பொறுத்தது. பின்னது வடிவத்தைப் பொறுத்தது. குட்டையாகவும் பருமனாகவும் கட்டினால் பரப்பு குறையும், ஆனால் ஓட்டம் பிரியும். ஒல்லியாகவும் நீளமாகவும் கட்டினால் ஓட்டம் சீராகும், ஆனால் உராய்வு கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே சரியான விகிதத்தைக் கண்டறிவதே வடிவமைப்பாளரின் முதல் வேலை.

வேகம் இருமடங்கானால் நீர்த்தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். தேவைப்படும் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும். ஆகவே தடையில் சிறு குறைவு ஏற்பட்டாலும் பயன் பெரிது. ஓசை இன்னும் முக்கியமானது. ஒழுங்கற்ற நீரோட்டம் உந்துவிசிறியில் மோதினால் ஓசை எழும். அந்த ஓசையைக் கொண்டே எதிரி நீர்மூழ்கியின் இருப்பிடத்தை அறிவான். உள்ளே இருக்கும் மாலுமிகளின் உயிர் கூட்டின் வடிவத்தையும் நம்பியிருக்கிறது.

ஃபுரூட்டின் தொட்டி

கப்பல் மாதிரிகளை அறிவியல் முறையில் சோதித்தவர்களில் முன்னோடி இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஃபுரூட். அவர் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகத்தின் உதவியுடன் டார்க்கி நகரில் அமைத்த இழுவைத் தொட்டி 1872-இல் செயல்படத் தொடங்கியது. மாதிரிக் கப்பலை நீரில் இழுத்து, இழுக்கத் தேவையான விசையை அளந்து, அதிலிருந்து பெரிய கப்பலின் தடையைக் கணக்கிடும் முறையை அவர் வகுத்தார். அலைத்தடை ஒரு விதிப்படியும் உராய்வுத்தடை வேறொரு விதிப்படியும் மாறுகின்றன என்று கண்டு, இரண்டையும் பிரித்துக் கணக்கிட்டார்.

1883-இல் ஆசுபோர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயநீரை ஓடவிட்டு, வரிச்சீர் ஓட்டம் சுழற்சி ஓட்டமாக மாறும் நிலையை விளக்கினார். பள்ளிப் பாடத்தில் வரும் ரெனால்ட்ஸ் எண் இதிலிருந்து பிறந்தது. நீர்மூழ்கிகளுக்கு இது ஒரு சிக்கலைத் தந்தது. உராய்வை மாதிரியில் அப்படியே காண வேண்டுமானால், மாதிரிக்கும் கப்பலுக்கும் ரெனால்ட்ஸ் எண் ஒன்றாக இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியை, அதே நீரில், கப்பலின் வேகத்தைப்போல் இருபது மடங்கு வேகத்தில் இழுத்தால்தான் அது நடக்கும். எந்தத் தொட்டியிலும் இது இயலாது. எனவே மாதிரியில் அளந்ததைப் பெரிய கப்பலுக்கு விரித்துக் கணக்கிட வேண்டியிருந்தது. அந்த விரிவாக்கத்தில் எப்போதும் ஓர் ஐயம் தங்கியிருந்தது.

மூழ்கக்கூடிய படகிலிருந்து உண்மையான நீர்மூழ்கிக்கு

இரண்டாம் உலகப் போரின் பெரும்பாலான நீர்மூழ்கிகள், தேவைப்படும்போது மட்டும் மூழ்கும் மேற்பரப்புப் படகுகளாகவே இருந்தன. செருமனியின் ஏழாம் வகைப் படகு நீரின் மேல் சுமார் 17 நாட் வேகத்தில் சென்றது. மூழ்கியபின் 8 நாட்டை எட்டுவதே அரிது. (1 நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்.) போரின் இறுதியில் வந்த 21-ஆம் வகையில் இந்நிலை தலைகீழானது. வெளியே துருத்திய பீரங்கியும் கம்பிகளும் அகற்றப்பட்டன, கூடு வழவழப்பாக்கப்பட்டது, மின்கலங்கள் பெருக்கப்பட்டன. அது மேற்பரப்பைவிட நீருக்கடியில் வேகமாக, 17 நாட் அளவில் சென்றது. போருக்குப் பின் இவ்வகைப் படகுகள் இரண்டை அமெரிக்கக் கடற்படை எடுத்துச் சென்று ஆராய்ந்தது.

அல்பகோர்

மேரிலாந்து மாநிலத்தின் கார்டராக்கில் டேவிட் டெய்லர் மாதிரித் தொட்டி 1939-இல் திறக்கப்பட்டது. அங்கு மார்ட்டன் கெர்ட்லர் நீள்வட்ட உருளை போன்ற 24 மாதிரிகளை இழுத்துச் சோதித்து, 1950-இல் முடிவுகளை வெளியிட்டார். இது தொடர் 58 எனப்படுகிறது. நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் ஏழு அளவில் இருக்கும்போது தடை மிகக் குறைவு என்பது அதன் முக்கியமான முடிவுகளுள் ஒன்று. அதே ஆண்டில் புதிய சோதனைக் கப்பலின் ஐந்தில் ஒரு பங்கு மாதிரி, வானூர்திகளுக்காகக் கட்டப்பட்ட லாங்லி காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்டது.

அந்தக் கப்பல்தான் அல்பகோர். 1953 ஆகத்து 1-இல் அது நீரில் இறக்கப்பட்டது. நீளம் சுமார் 62 மீட்டர். வடிவம் நீர்த்துளியை ஒத்தது. ஆயுதம் எதுவும் இல்லை. அதன் பணி சோதனைக்கு உட்படுவது மட்டுமே. வாலில் உள்ள சுக்கான்கள் முதலில் உந்துவிசிறிக்குப் பின்னே இருந்தன. பிறகு முன்னே மாற்றப்பட்டன. அதன்பின் பெருக்கல் குறி வடிவ வால் பொருத்தப்பட்டது. இறுதியில் எதிரெதிராகச் சுழலும் இரு உந்துவிசிறிகள் அமைக்கப்பட்டன. வேகமாகத் திரும்பும்போது மேற்கோபுரத்தின் மீது நீர் தள்ளுவதால் கப்பல் திடீரெனப் பக்கவாட்டில் சாய்வதையும் மாலுமிகள் கடலிலேயே அனுபவித்து அறிந்தனர்.

இந்த வடிவமும் அணு உலையும் ஸ்கிப்ஜாக் வகையில் ஒன்றுசேர்ந்தன. பின்வந்த நீர்மூழ்கிகள் பலவற்றுக்கு அல்பகோர் முன்மாதிரி ஆயிற்று. ஆனால் ஒவ்வொரு கருத்தையும் சோதிக்கக் கப்பலைத் துறைக்குக் கொண்டுவந்து, வெட்டி, ஒட்டி, மீண்டும் கடலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நான்கைந்து வடிவங்களைப் பார்த்து முடிக்க ஒரு பத்தாண்டுக்கு மேல் ஆனது.

சமன்பாடும் கணினியும்

பாய்மங்களின் இயக்கத்தை விளக்கும் சமன்பாடுகள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே கிடைத்துவிட்டன. 1822-இல் நேவியரும் 1845-இல் ஸ்டோக்சும் அவற்றை வகுத்தனர். எனினும் ஒரு முழுக் கப்பலுக்கு அவற்றைக் கையால் தீர்க்க முடியாது. கணினி முறையில் கப்பலைச் சுற்றியுள்ள நீர் இலட்சக்கணக்கான சிறு அறைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வோர் அறையிலும் நீரின் வேகமும் அழுத்தமும் கணக்கிடப்படுகின்றன.

சுழற்சி ஓட்டத்தின் மிகச் சிறிய சுழல்களை எல்லாம் தனித்தனியே கணக்கிட இன்றைய கணினிகளுக்கும் வலிமை போதாது. ஆகவே அவற்றின் சராசரி விளைவை மட்டும் தோராயமாகச் சேர்க்கும் சுழற்சி மாதிரிகள் உருவாயின. 1970-களில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இலாண்டரும் இசுபால்டிங்கும் செய்த பணி இதில் குறிப்பிடத்தக்கது. 1980-களில் வணிக மென்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருள் 2004-இல் திறமூலமாக வெளியானபின், கல்லூரி மாணவரும் கட்டணமின்றி இக்கணக்குகளைச் செய்ய முடிந்தது.

சபாஃப்: அனைவருக்குமான நீர்மூழ்கி

சுழற்சி மாதிரி ஒரு தோராயமே என்பதால், கணினி தரும் விடையை உண்மை அளவீட்டுடன் ஒப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் கடற்படைகள் தம் நீர்மூழ்கிகளின் வடிவத்தை வெளியிடுவதில்லை. அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான தார்ப்பா இதற்கு ஒரு வழி கண்டது. எந்தக் கடற்படையும் பயன்படுத்தாத ஒரு பொது வடிவத்தை உருவாக்கி, அதன் வளைவுகளைச் சமன்பாடுகளாக 1989-இல் வெளியிட்டது. சபாஃப் எனப்படும் இந்த மாதிரியின் நீளம் 4.356 மீட்டர், பெரும விட்டம் 0.508 மீட்டர். டேவிட் டெய்லர் ஆய்வு மையத்தில் ஒரு மாதிரி தொட்டியிலும் மற்றொன்று காற்றுச் சுரங்கத்திலும் சோதிக்கப்பட்டன.

அளவீடுகள் எளிமையானவை; பயனோ பெரிது. 10 நாட் வேகத்தில் வெறும் கூட்டின் தடை சுமார் 242 நியூட்டன். மேற்கோபுரமும் வால் துடுப்புகளும் சேர்ந்தால் சுமார் 284 நியூட்டன். அந்தச் சிறு உறுப்புகள் தடையை ஏறத்தாழ 17 விழுக்காடு கூட்டுகின்றன. உலகில் எங்கிருந்தும் ஒருவர் இவ்வடிவத்தைக் கணினியில் வரைந்து, கணக்கிட்டு, தம் விடையை இந்த எண்களோடு சரிபார்க்கலாம். புதிய முறை எதுவாயினும் முதலில் சபாஃப் மாதிரியில் சோதித்துக் காட்டுவது ஆய்வாளர்களிடையே வழக்கமாயிற்று.

கணிப்பின் எல்லைகள்

ஒப்பீட்டில் சில பாடங்கள் தெளிவாயின. முதலாவது, கூட்டை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில்தான் உராய்வு பிறக்கிறது. சபாஃப் மாதிரியில் அதை நேரடியாகக் கணக்கிட, பரப்பை ஒட்டிய முதல் அறையின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். அறைகள் பெரிதானால் விடை பிழைக்கும். ஆகவே அறைகளை மேலும் மேலும் சிறிதாக்கி, விடை மாறாமல் நிலைக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

இரண்டாவது, மொத்தத் தடை சரியாக வந்தாலும் ஓட்டம் சரியாக இருக்கும் என்று கொள்ள முடியாது. ஓரிடத்தில் கூடிய பிழையும் மற்றோரிடத்தில் குறைந்த பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடலாம். மேற்கோபுரம் கூட்டோடு சேரும் அடியில் குதிரைலாட வடிவச் சுழல் ஒன்று உருவாகிப் பின்னோக்கிச் சென்று உந்துவிசிறியை அடைகிறது. ஓசையைத் தீர்மானிப்பவற்றுள் அதுவும் ஒன்று. எனவே தடை, பரப்பின் அழுத்தம், வாலருகே நீரின் வேகப் பரவல் ஆகிய மூன்றையும் தனித்தனியே ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, ஃபுரூட் காலத்து ஐயம் முற்றிலும் நீங்கவில்லை. சபாஃப் சோதனையின் ரெனால்ட்ஸ் எண் 10 நாட் வேகத்தில் சுமார் 2 கோடி. அதைப்போல் இருபது மடங்கு நீளமான கப்பல் 20 நாட் வேகத்தில் சென்றால், அந்த எண் சுமார் 90 கோடியாகிறது. கணினியால் பெரிய எண்ணுக்கும் கணக்கிட முடியும். ஆனால் அங்கே சரிபார்க்க வெளிப்படையான அளவீடுகள் மிகக் குறைவு.

இன்றைய நிலை

அல்பகோர் இப்போது நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் கரையேற்றப்பட்டு அருங்காட்சியகமாக உள்ளது. அது ஆண்டுக்கணக்கில் செய்த ஒப்பீடுகளை ஒத்த பணியை ஒரு பொறியாளர் குழு இன்று கணினியில் சில வாரங்களில் செய்துவிடும். அதனால் தொட்டிகள் மூடப்படவில்லை. பல வடிவங்களைக் கணினி சலித்தெடுக்கிறது. தேர்ந்தவற்றைத் தொட்டி உறுதி செய்கிறது. இறுதித் தீர்ப்பைக் கடல் சோதனை வழங்குகிறது.