முதியோர் மருத்துவ நிபுணத்துவப் பயிற்சி: இலங்கையும் யாழ்ப்பாணத் தீவகமும்

மூப்படைந்தவரின் நோய், இயலாமை, மறதி, மருந்து, அன்றாட வாழ்வு ஆகிய அனைத்தையும் ஒருசேரப் பார்த்துச் சிகிச்சை அளிக்க வைத்தியரை ஆயத்தப்படுத்தும் பட்டப்பின் படிப்பே முதியோர் மருத்துவப் பயிற்சி. இலங்கையில் இது கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு உள்ளிட்ட யாழ்ப்பாணத் தீவகத்தில் இதற்கெனத் தனி நிலையம் இல்லை. ஆனால் இப்பயிற்சியில் ஒரு வைத்தியர் எதைக் கற்க வேண்டும் என்பதைத் தீவகத்தைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வடமாகாணத்தில் இல்லை என்றே சொல்லலாம்.

யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவப் பயிற்சி, 1870 இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரிக்கும் முந்தியது. 1847 இல் வந்து சேர்ந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவரைச் சேர்த்துக் கற்பித்தார். 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். இரணவைத்தியம் (1867), கெமிஸ்தம் (1875) முதலிய பாடநூல்கள் அந்த முயற்சியின் பயன். ஊர்களிலே தங்கி ஊர்ச் சனத்துக்கு வைத்தியம் பார்க்கும் வைத்தியர்களை அவர் உருவாக்க விரும்பினார். அக்காலத்தில் முதியோருக்கெனத் தனி மருத்துவம் எங்குமே இருக்கவில்லை.

அத்தகைய மருத்துவத்துக்குப் பெயரிட்டவர் வியன்னாவில் பிறந்து நியூயோர்க்கில் பணியாற்றிய இக்னாஸ் நாஷர் (1909). அதை வைத்தியசாலை நடைமுறையாக்கியவர் வைத்தியர் மார்ஜரி வாரன். 1935 இல் இலண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் வைத்தியசாலை, அருகிலிருந்த ஏழைகள் விடுதியொன்றின் நோயாளர் பகுதியைப் பொறுப்பேற்றது. அங்கே படுத்த படுக்கையாய்க் கிடந்த 700க்கும் மேற்பட்டோரை வாரன் ஒவ்வொருவராகப் பரிசோதித்து வகைப்படுத்தினார். எழுப்பி இருத்தி, நடக்கப் பழக்கி, பலரை வீட்டுக்கு அனுப்பினார். ‘வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது’ என்று கைவிடப்பட்டவர்களில் பலருக்குத் தீர்க்கக்கூடிய வருத்தங்களே இருந்தன என்பதை அவர் காட்டினார். இத்துறையின் வரலாற்றில் இதற்கு இணையான நிகழ்வு வேறில்லை. பின்னர் வைத்தியர் பெர்னார்ட் ஐசக்ஸ் அசைவின்மை, தடுமாறி விழுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடின்மை, அறிவுத்திறன் தேய்வு ஆகிய நான்கையும் முதுமையின் பெருஞ்சிக்கல்களாக வகுத்தார். உலகின் முதலாவது முதியோர் மருத்துவப் பேராசிரியர் பதவி 1965 இல் கிளாஸ்கோவில் பேர்கசன் அண்டர்சனுக்கு அளிக்கப்பட்டது.

தமிழர் வாழும் நிலப்பரப்பில் இத்துறை முதலில் வேரூன்றியது சென்னையில். பிரித்தானியாவில் பயின்று திரும்பிய வி. எஸ். நடராசன் 1978 இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதலாவது முதியோர் மருத்துவ எம்.டி. படிப்பு ஆரம்பமானது. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் தனித்துறை அமைந்தது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னர், 2012 இல். நடராசன் பத்மஸ்ரீ விருது பெற்றதும் அதே ஆண்டில்தான். பாமரருக்காக முதுமை பற்றித் தமிழில் அவர் எழுதிய நூல்கள் பல. சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பெப்ரவரியில் திறக்கப்பட்டது.

இலங்கை பிந்தியே விழித்தது. 1981 குடிசன மதிப்பீட்டில் மக்கள்தொகையில் 6.6 வீதமாக இருந்த 60 வயதுக்கு மேற்பட்டோர் 2012 இல் 12.4 வீதமாயினர். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 9ஆம் இலக்கச் சட்டம் 2000 இல் நிறைவேறியது. பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980 முதல் இயங்கினாலும், முதியோர் மருத்துவம் அதன் பாடத்திட்டத்துக்குள் வந்தது 2010களில்தான். அது இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, சேவையிலுள்ள பொது வைத்திய அதிகாரிகளுக்கான முதியோர் மருத்துவ டிப்ளோமா. மற்றையது, எம்.டி. முடித்து, மேற்பயிற்சியும் வெளிநாட்டுப் பயிற்சியும் பெற்றுச் சான்றிதழ் அடையும் நிபுணர் வழி. இவ்விரண்டில் தீவகத்துக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது முதலாவதே. நிபுணர் பெரிய போதனா வைத்தியசாலையில் அமர்வார். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலோ, நெடுந்தீவு, நயினாதீவு பிரதேச வைத்தியசாலைகளிலோ கிழவர் ஒருவரை முதலிற் காண்பவர் பொது வைத்திய அதிகாரி.

தீவகத்தின் முதுமைக்குப் போரும் கடலும் தனி முகம் கொடுத்துள்ளன. 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளின்போது சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. பிள்ளைகள் கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து என்று போய்விட்டனர். வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது, தொலைபேசி அழைப்பு வருகிறது. ஆனால் இரவில் மலசலகூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆளில்லாத வீடுகள் பல. பண்ணைப் பாலமும் வாணர் தாம்போதியும் வேலணையையும் புங்குடுதீவையும் குடாநாட்டோடு இணைத்துவிட்டன. ஆனால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இன்றும் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியால ஓட்டம். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று அந்தக் கடலில் ஓடிய படகுகளின் பெயர் தெரியாத நெடுந்தீவார் இல்லை. 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கும் வந்தது. ஆனால் தீவிலிருந்து நோயாளியைக் கொண்டுவர அதற்கு முன் ஒரு படகு வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

ஆகவே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு யாரை அனுப்புவது, யாரைத் தீவிலேயே வைத்துப் பார்ப்பது என்ற முடிவு இங்கே மருத்துவத் திறனின் உச்சப் பரீட்சை. திடீரெனப் பிதற்றத் தொடங்கிய எண்பது வயது மூதாட்டிக்கு மூளை தேய்ந்துவிட்டது என்று எழுதிவிடுவது எளிது. சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிதாகக் கொடுத்த மருந்து ஆகியவற்றில் ஒன்று காரணமாயிருக்கலாம் என்று தேடுபவரே பயிற்சி பெற்றவர். இவற்றிற் பலவற்றைப் பிரதேச வைத்தியசாலையிலேயே கண்டறிந்து தீர்க்கலாம்.

மருந்துகளும் அப்படியே. நீரிழிவுக்கு ஒரு கிளினிக், பிறசருக்கு ஒரு கிளினிக், இதயத்துக்கு இன்னொன்று எனக் கொப்பிகள் சேர்கின்றன. ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு மற்றொரு மருந்து எழுதப்படுவதும் உண்டு. எல்லாக் கொப்பிகளையும் ஒரே மேசையில் விரித்து, எதை நிறுத்தலாம் என்று முடிவெடுப்பது முதியோர் மருத்துவரின் தலையாய வேலைகளில் ஒன்று. நிறுத்துவதற்குத் துணிவும் தேர்ச்சியும் வேண்டும். தொடர்ந்து எழுதிக் கொடுக்க அவ்வளவு வேண்டியதில்லை.

நடையைச் சோதிக்க ஒரு கதிரையும் மூன்று மீற்றர் தரையும் போதும். எழுந்து, நடந்து, திரும்பி வந்து இருக்க எடுக்கும் நேரத்தை அளப்பார்கள். வீட்டில் சென்று பார்த்தால் இன்னும் தெளியும்: உயர்ந்த வாசற்படி, கிணற்றடி வழுக்கல், வெளிச்சமில்லாத கொல்லைப்புறம். மறதியைச் சோதிக்கும் மேலைநாட்டு வினாத்தாள்கள் அவ்வளவு இலகுவாகப் பொருந்துவதில்லை. 1975 இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய சிறு மனநிலைச் சோதனை, எந்தப் பருவகாலம், எத்தனையாவது மாடி என்று கேட்கும். ஒரு வசனம் எழுதச் சொல்லும். பள்ளிக்கூடம் போகாத நெடுந்தீவு முதியவருக்கு இவற்றில் புள்ளி குறைந்தால் அதைத் தேய்வென்று கொள்ள முடியாது. அவர் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் மீன்படும் என்பதை மறந்துவிட்டாரா, மாட்டை எங்கே கட்டினார் என்பது நினைவிருக்கிறதா என்று அறிய உறவினரோடும் அயலவரோடும் பேச வேண்டும். கிறீன் வைத்தியம் படிப்பித்த மொழியிலேயே இந்தப் பேச்சு நடக்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கியது. கொண்டாவில் சுகாதார நிலையத்தை நடுவாக வைத்துச் சமூக மருத்துவம் கற்பிக்கும் மரபு அதற்கு உண்டு. கைதடியில் அரச முதியோர் இல்லமும் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வியிடமும் இருக்கின்றன. தீவகத்து முதியோரில் பலர் எண்ணெய், மூலிகைக் குடிநீர், பத்தியம் ஆகியவற்றைக் கிளினிக் மாத்திரைகளோடு சேர்த்தே பயன்படுத்துவதால், அவற்றைக் கேட்டறியாத வைத்தியரின் குறிப்பு அரைகுறையாகவே இருக்கும். டிப்ளோமா மாணவரும் நிபுணர் பயிலுநரும் ஒரு தவணையையேனும் ஊர்காவற்றுறையில் கழித்து, அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வீட்டுத் தரிசிப்புக்குப் போகும்படி பயிற்சியை அமைப்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. ஆதார வைத்தியசாலையும் பிரதேச வைத்தியசாலைகளும் ஏற்கெனவே உள்ளன. தேவைப்படுவது படகுச் சீட்டு, தங்குமிடம், யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் வழிகாட்டும் மேற்பார்வை நிபுணர் ஒருவர்.