கோபன்ஹேகனில் ஒரு நாளும் தரங்கம்பாடிப் பாடத்தில் நான் விட்ட பக்கமும்



சென்ற ஜூன் மாதம் நானும் என் துணைவியாரும் ஸ்வீடனில் மால்மோ நகரில் மூத்த மகன் வீட்டில் தங்கியிருந்தோம். படங்களைப் பார்த்துவிட்டு "எழுதுங்க சார்" என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மால்மோவிலிருந்து டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நடுவில் ஓரசுண்ட் நீரிணை. 2000-ல் திறந்த பாலத்தின் மேல் ரயில் போனது. கீழே கப்பல்கள். 1429 முதல் 1857 வரை இந்த நீரிணையைக் கடக்கும் கப்பல்களிடம் டென்மார்க் அரசர்கள் சுங்கம் வாங்கினார்கள் என்று பேரனிடம் சொன்னேன். "டோல்கேட் மாதிரியா தாத்தா?" என்றான். அதேதான். அந்தப் பணம் நேராக அரசரின் பெட்டிக்குப் போனது. அன்று நாங்கள் பார்த்த கட்டடங்களில் பாதி அந்தப் பெட்டியிலிருந்து முளைத்தவை.

மகன் ஒரே நாளில் ஏழு இடம் என்று பட்டியல் போட்டிருந்தான். "முட்டிவலிக்காரிக்கு ஏழு இடமாடா?" என்றாள் அவன் அம்மா. ஆனால் முதல் இடமே அவளுக்கென்று கட்டியதுபோல் இருந்தது. வட்டக் கோபுரம். 1642-ல் கட்டி முடித்தது. உள்ளே மேலே போகப் படிக்கட்டு கிடையாது, செங்கல் பாவிய சரிவுப் பாதை ஏழரைச் சுற்றுச் சுற்றிப் போகிறது. (உச்சியில் மட்டும் கொஞ்சம் படிகள். அவற்றை அவள் ஏறவில்லை.) பக்கத்திலேயே தேவாலயம், அதன் மாடியில் பல்கலைக்கழக நூலகம், கோபுர உச்சியில் வானாய்வுக்கூடம் என்று ஒரே இடத்தில் மூன்று. 1716-ல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் இந்தப் பாதையில் குதிரையிலேயே ஏறினாராம். 1728 தீ விபத்தில் நூலகம் எரிந்துபோனது. அதைக் கேட்டதும் எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது.

இந்தக் கோபுரத்தைக் கட்டியவர் நான்காம் கிறிஸ்டியன். அடுத்து நாங்கள் போன ரோசன்போர்க் அரண்மனையும் அவர் கட்டியது. 1588-ல் பத்து வயதில் பட்டத்துக்கு வந்து, 1648 வரை அரசராக இருந்தவர். என்னிடம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் வர வேண்டுமே! நம் தரங்கம்பாடியில் கோட்டை கட்ட ஆள் அனுப்பிய அரசர் இவர்தான்.

ரோசன்போர்க்கில் மேலே மூன்று வெள்ளிச் சிங்கங்கள் காவல் காக்கும் சிம்மாசனம், கீழே நிலவறையில் கிரீடங்கள். கூட்டம் அங்கேதான் மொய்க்கிறது. என்னை நிறுத்தியது வேறொன்று. ரத்தக் கறையோடு அப்படியே பாதுகாத்திருக்கும் அரசரின் உடை. 1644 ஜூலையில் ஸ்வீடன் கடற்படையோடு நடந்த சண்டையில் அவர் தானே கப்பலில் நின்றார். குண்டு தெறித்து வலக்கண் போனது. அப்போது அவருக்கு வயது 67. கண் போன பிறகும் எழுந்து நின்று கட்டளையிட்டார் என்று இன்றும் டேனியர்கள் பெருமையாகப் பேசுகிறார்கள்.

பேரன் கண்ணாடிக்கு முன் நின்றுகொண்டு, "தாத்தா, இவர் இங்க சண்டை போட்டுட்டிருந்தா, உங்க ஊர்ல கோட்டையில இருந்தவங்களுக்குச் சம்பளம் யார் குடுத்தா?" என்றான்.

முப்பத்தைந்து வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை. கேட்கும்படி நான் நடத்தவில்லை என்பதுதான் சரி. "டேனியர்கள் 1620-ல் தரங்கம்பாடிக்கு வந்தனர். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றனர்." இரண்டு மதிப்பெண். அடுத்த கேள்வி.

அரண்மனைக்கு வெளியே அதே அரசர் போட்ட தோட்டம். புல்தரையில் உட்கார்ந்து தயிர்சாதம், மாவடு. அங்கே வைத்துத்தான் அவனுக்குச் சொன்னேன்.

1616-ல் கிறிஸ்டியன் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார். கப்பல்கள் முதலில் குறிவைத்தது தரங்கம்பாடியை அல்ல, இலங்கையை. போர்த்துகீசியரை எதிர்க்க கண்டி அரசர் துணை தேடுகிறார் என்று ஒரு டச்சுக்காரர் கோபன்ஹேகனுக்கு வந்து ஒப்பந்தம் பேசியிருந்தார். அந்த மனிதர் வழியிலேயே இறந்துவிட்டார். கண்டி அரசரோ ஒப்பந்தத்தை ஏற்க மறுத்துவிட்டார். முன்னால் வந்த கப்பலின் பெயர் என்ன தெரியுமா? 'ஓரசுண்ட்'. காலையில் நாங்கள் கடந்த அதே நீரிணையின் பெயர். அதைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர் அழித்தனர். தப்பிய சிலர் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அப்படித்தான் தஞ்சாவூர் வாசல் திறந்தது. 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆனது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எங்கள் பட்டியலில் அது இல்லை. மகனைக் கடிந்து பயனில்லை, நானாவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு? அரசர் ஜெர்மனியில் நடந்த மதப் போரில் போய் இறங்கி 1626-ல் தோற்றார். 1643-ல் ஸ்வீடன் படையெடுத்து வந்தது. கண் போனது அந்தப் போரில்தான். 1645 சமாதானத்தில் தீவுகளும் மாகாணங்களும் கை மாறின. கஜானா காலி. 1650-ல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். 1643-க்குப் பிறகு 1669 வரை தரங்கம்பாடிக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இருபத்தாறு ஆண்டுகள்!

கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள், சிலர் விட்டுவிட்டுப் போனார்கள். 1655 வாக்கில் மிஞ்சியவர் ஒரே ஒரு டேனியர். பெயர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே. பெரிய அதிகாரி இல்லை, சாதாரண ஆள். ஊரில் அரசர் செத்தாரா இருக்கிறாரா, கம்பெனி உண்டா இல்லையா என்று யார் வந்து சொல்வது? ஆனாலும் கொடியை இறக்கவில்லை. உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, வங்காளக் கப்பல்களைப் பிடித்து, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். அவர் வீரரா, கடற்கொள்ளைக்காரரா? கப்பலைப் பறிகொடுத்த வங்காள வணிகரைக் கேட்டால் ஒரு பதில், கோபன்ஹேகனில் கேட்டால் வேறு பதில். எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது. பேரனின் கேள்விக்குப் பதில் இதுதான்: சம்பளத்தை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். 1669-ல் கப்பல் வந்தபோது கோட்டை டேனியர் கையிலேயே இருந்தது.

"அப்ப ராஜா மறந்துட்டாரா?" என்றான். மறந்தாரோ, மறக்க வேண்டியதாயிற்றோ. அவர் 1648-ல், நாங்கள் சாப்பிட்ட இடத்துக்கு எதிரே தெரிந்த அந்த அரண்மனையில்தான் உயிர் விட்டார்.

மீதிப் பட்டியல் ஓட்டம்தான். அதே அரசர் கட்டிய பழைய பங்குச் சந்தைக் கட்டடம். நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும் அதன் கூம்பு 2024 ஏப்ரலில் தீயில் சரிந்தது. வழிப்போக்கர்கள்கூட ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்களாம். நாங்கள் பார்த்தது சாரம் மட்டுமே. வாய்க்காலுக்கு அப்பால் ஒரு தேவாலயம், அதன் கூம்பின் வெளிப்புறத்தில் சுழன்று ஏறும் படிகள், மொத்தம் 400. மகனும் பேரனும் ஏறினார்கள். நாங்கள் இருவரும் பெஞ்சில். பிறகு நியூஹாவன் வாய்க்கால், ஆண்டர்சன் குடியிருந்த வீடுகள். கடைசியில் 1913-ல் வைத்த கடற்கன்னிச் சிலை. ஒன்றேகால் மீட்டர் உயரம்தான். "இவ்ளோதானா?" என்றாள் துணைவியார். நானும் அதையேதான் நினைத்தேன்.

இரவு ஒன்பதரைக்கு ரயில் ஏறினோம். வெளியே இன்னும் வெளிச்சம். பேரன் என் தோளில் தூங்கிவிட்டான்.

1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். இரண்டு மதிப்பெண் பதிலில் அந்த வருடம் உண்டு. இருபத்தாறு வருடம் இல்லை. என்னிடம் படித்து, இன்று நீங்களே ஆசிரியர்களாக இருப்பவர்கள் இதை உங்கள் வகுப்பில் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனேனே, கோட்டை முன்னால் எல்லோரும் நின்று ஒரு படம் எடுத்தோம். என்னிடம் இருந்த பிரதி மழையில் ஊறிப் போய்விட்டது. யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். பேரன் பார்க்க வேண்டும் என்கிறான்.