கள்ளுக்கடை மறியலும் மீட்புக் குழுவும்: பேராக் தோட்டப்புறத் தமிழரை முன்னிறுத்தி ஒரு வரலாற்று நோக்கு

மலாயாத் தமிழரின் சமூக வரலாற்றில் கள் ஒழிப்புக் குறித்து எழுதப்பட்டவை பலவாகும். எனினும், அவற்றுள் பெரும்பாலானவை கள்ளுக்கடையைப் பற்றியனவேயன்றிக் குடித்தவனைப் பற்றியன அல்ல. குடியை விட விரும்பிய தோட்டத் தொழிலாளி ஒருவன் யாரை நாடியிருக்கக்கூடும்? இன்று ஈப்போவில் வாழும் அவனது பேரன் எங்கே செல்வான்? இவ்வினாக்களையே இக்கட்டுரை பேராக் மாநிலத்தை முன்னிறுத்தி ஆராய முற்படுகின்றது.

ரப்பர்த் தோட்டத்தில் கள்ளுக்கடை தற்செயலாகத் தோன்றியதன்று. லயம், கோயில், பள்ளி ஆகியவற்றைப் போன்றே அதுவும் தோட்ட அமைப்பின் ஓர் உறுப்பாக இருந்தது. அரசு உரிமம் வழங்கியது. தோட்ட நிர்வாகம் கடையை நடத்தியது. சிலாங்கூர்க் கடலோர மாவட்டங்களில் கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதாக எழுந்த குற்றச்சாட்டை ஆராய 1916ஆம் ஆண்டிலேயே ஒரு விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. அதன் பின்னரும் கடைகள் நீடித்தன. அவற்றின் இலாபத்தில் ஒரு பகுதி தொழிலாளர் நலநிதியாக ஒதுக்கப்பட்டு, திருவிழா முதலிய பொதுச் செலவுகளுக்குத் திருப்பப்பட்டது என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. தொழிலாளி தன் கூலியைக் குடித்துத் தீர்த்த பின்னர், அதில் ஒரு பங்கு ‘நன்கொடை’யாக அவனிடமே திரும்பி வந்தது. கடையை மூடினால் திருவிழாவுக்குப் பணம் ஏது என்னும் கேள்வியை நிர்வாகம் எழுப்ப இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

சீர்திருத்தக் குரல்கள் பேராக்கில் முன்கூட்டியே ஒலித்தன. 1929 டிசம்பரில் மலாயா வந்த பெரியார் ஈ. வெ. இராமசாமி, ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். அதன் பின்னர் வலுப்பெற்ற தமிழர் சீர்திருத்த இயக்கம், சாதி மறுப்போடு மது மறுப்பையும் வலியுறுத்தியது. 1937 அக்டோபரில் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தபோது, இங்குள்ளோர்க்கு அது ஒரு முன்மாதிரியாயிற்று. 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடுதல் ஒரு கோரிக்கையாகவே முன்வைக்கப்பட்டது. போருக்குப் பின் கெடா மாநிலம் பீடோங் பகுதியில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு எழுந்த தொண்டர் படை, 1947இல் காவல் துறையோடு மோதி உயிரிழப்புகளையும் சந்தித்தது.

தொண்டர் படையின் தியாகம் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் குடித்துவிட்டு வந்தவனை அது நடத்திய முறை வேறு. கண்காணித்தல், பலர்முன் நாணச் செய்தல், தண்டித்தல் ஆகியனவே அதன் வழிகள். குடியை அடிமைத்தனத்தின் அடையாளமாகக் கண்ட இயக்கம், அதனை நோயாகக் காணவில்லை. அக்காலச் சூழலில் வேறுவகையாக எதிர்பார்ப்பதும் பொருந்தாது. மறியல் கடையை மூடியது. கை நடுக்கத்தோடு விடியலில் எழுபவனுக்கு அது விடையாகவில்லை.

அவ்வியக்கத்தின் அடுத்த கட்டம் என்னவாகியிருக்கும் என்று அறிய வாய்ப்பில்லாமற் போயிற்று. 1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இடதுசாரித் தொழிற்சங்கங்கள் தடை செய்யப்பட்டன. தோட்டத்தில் நால்வர் கூடிப் பேசுவதே ஐயுறவுக்கு உரியதாயிற்று.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. மக்கள் பட்டணத்துப் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்துக்கொண்டது. கள்ளுக்கடைக்கு நேரக் கட்டுப்பாடாவது இருந்தது. மலிவுச் சாராயப் புட்டிக்கு அதுவும் இல்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் மாண்டமை இதன் அண்மைய முகம்.

மருத்துவ உதவியைப் பொறுத்தவரை, ஈப்போவுக்கு அருகில் 1911 முதல் இயங்கிவரும் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை நாட்டிலேயே பெரியது. ஆனால் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்னும் ஊர்ப்பெயரே பேச்சுவழக்கில் ஏளனச் சொல்லாகிவிட்டமையால், உதவி அருகிலிருந்தும் வாசலை மிதிக்கக் குடும்பங்கள் தயங்கின. 1983ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டமோ போதைப்பொருளை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது. குடிநோயாளி அதன் பார்வைக்கு வெளியே நின்றான்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயிலிருந்து மீள முயன்ற இருவரின் சந்திப்பில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ முற்றிலும் வேறான கோட்பாட்டைக் கொண்டது. அங்கே கண்காணிப்பவர் இல்லை, மீண்டவர் மீள்பவரோடு பேசுகிறார், பெயர் வெளியிடப்படுவதில்லை, கட்டணமும் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, இவ்வணுகுமுறையை மருத்துவத்தோடும் குடும்பத்தார்க்கான ஆலோசனையோடும் இணைத்துத் தமிழில் நடத்திக் காட்டியது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர் என்பதால், மனைவியின் துயர் அங்கே ஓரங்கட்டப்படவில்லை.

பேராக்கில் இதனை நிலைநாட்டுவதில் இரு இடர்ப்பாடுகள் உள்ளன. ஒன்று மொழி. ஆங்கிலக் கூட்டத்தில் தன் வாழ்வைச் சொல்லத் தோட்டப்புறத்திலிருந்து வந்தவரால் இயலாது. தமிழில் சொல்ல முற்பட்டாலோ ‘குடிகாரன்’ என்னும் வசைச் சொல்லே முதலில் நாவில் வருகின்றது. ‘குடிநோயாளி’ என்ற சொல்லைப் பழக்கத்திற்குக் கொணர்வதில் தமிழாசிரியர்க்குப் பங்குண்டு. மற்றொன்று மறைகாப்பு. லயத்தில் எவர் குடித்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். குடியிருப்பு மாறிய பின்னும் உறவுமுறை மாறவில்லை. கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடினால் மறுநாளே செய்தி பரவும். ஆகவே, அரசு மருத்துவமனை அல்லது சுகாதார நிலையத்தின் ஓர் அறையே பொருத்தமான இடமாகும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரக்கூடுமாதலின், முதற்படி மருத்துவரிடமே தொடங்கவேண்டியுள்ளது. குழு அதன் பின்னரே. அவ்வறைக்கு வரும் முதல் தமிழர் பெரும்பாலும் குடித்தவராக இரார். அவருடைய மனைவியாகவோ மகளாகவோ இருப்பார்.