பள்ளிக்கு வந்த பொருளியல்

மேல்நிலைப் பள்ளியின் பொருளியல் வகுப்பொன்றை மனக்கண்முன் கொண்டு வருவோம். ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு அச்சுகளை வரைகிறார். இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக ஒரு கோட்டை இழுக்கிறார். விலை குறைந்தால் தேவை பெருகும். விலை கூடினால் தேவை சுருங்கும். மாணவர்கள் ஏட்டில் எழுதிக் கொள்கின்றனர். மீன் சந்தையிலும் துணிக்கடையிலும் அவர்கள் நாள்தோறும் கண்டறிந்த செய்திதான் இது. எனினும், கோடாக வரையப்பட்டதும் அது அவர்களுக்கு அந்நியமாகி விடுகிறது. வீட்டையும் வீதியையும் பற்றிய ஒரு கல்வி, வீட்டையும் வீதியையும் மறக்கச் செய்வது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, இளையோருக்குப் பொருளியல் கற்பிக்கத் தொடங்கிய வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது பயன்தரும் எனக் கருதுகிறோம்.

கதையாய் வந்த பாடம்

ஆடம் சிமித் ‘நாடுகளின் செல்வம்’ என்னும் பெருநூலை 1776இல் வெளியிட்டார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் வரை அக்கலை அறிஞருக்கும் ஆட்சியாளருக்கும் உரியதாகவே இருந்து வந்தது. அதனை இளையோர் கைக்குக் கொண்டு வந்தவர், இலண்டனில் வாழ்ந்த சுவிஸ் வணிகக் குடும்பத்தில் 1769இல் பிறந்த ஜேன் மார்செட் என்னும் பெண்மணி. வேதியியலை உரையாடல் வடிவில் எளிமையாக எழுதி ஏற்கெனவே புகழ் பெற்றிருந்தவர் அவர். புத்தகம் கட்டும் தொழிலில் பழகுநராய் இருந்த மைக்கேல் பாரடே, அந்த வேதியியல் நூலைப் படித்தே அறிவியலில் ஆர்வம் கொண்டார் என்பது வரலாறு.

1816இல் அவ்வம்மையார் அரசியல் பொருளாதாரத்தையும் உரையாடலாக்கினார். திருமதி பி. என்னும் ஆசிரியையும் காரோலின் என்னும் மாணவியும் கூலி, வாடகை, வாணிபம், நாணயம் முதலியவை குறித்து உரையாடுகின்றனர். மாணவி ஐயுறுகிறாள்; எதிர்த்தும் பேசுகிறாள். ஆனால், இறுதியில் ஆசிரியையின் கொள்கையே வெல்கிறது. வினவ மாணவிக்கு உரிமை உண்டு. விடையோ முன்னரே முடிவு செய்யப்பட்டது. பள்ளிப் பொருளியலின் குணமும் குறையும் இந்த முதல் நூலிலேயே அமைந்துவிட்டன எனலாம்.

மார்செட்டின் நூலைப் படித்து ஊக்கம் பெற்றவர் ஹாரியட் மார்ட்டினோ. இளமையிலேயே செவிப்புலனை இழந்து, எழுத்தையே வாழ்வுக்கு வழியாகக் கொண்டவர். 1832 முதல் 1834 வரை பொருளாதாரக் கொள்கைகளைக் கதைகளாக்கித் திங்கள்தோறும் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று நமக்கு அண்மையது. ‘கருவாப்பட்டையும் முத்துகளும்’ என்பது அதன் பெயர். இலங்கையே அதன் களம். தம் வாயிலருகே கருவா மரம் வளர்ந்தும், தம் கடலில் முத்து விளைந்தும், அவற்றின் மீது உரிமையற்று வறுமையில் வாடும் மக்களை அக்கதை காட்டுகிறது. ஏகபோகம் மக்களை எவ்வாறு வறியராக்குகிறது என்பதே அதன் பாடம். இலங்கையில் கருவா ஏகபோகம் 1833இல் நீக்கப்பட்டது. முத்துக் குளிப்போ அரசின் கையிலேயே நீடித்தது.

முத்தின் விலை

அதே முத்தை மற்றொருவரும் பாடமாக்கினார். அவர் ரிச்சர்டு வேட்லி. ஆக்ஸ்போர்டில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து, பின்னர் டப்ளின் பேராயராக உயர்ந்தவர். கடலில் மூழ்கும் உழைப்பு முத்துக்கு விலையைத் தருவதில்லை. முத்துக்கு நல்ல விலை இருப்பதாலேயே மனிதன் மூழ்கத் துணிகிறான் என்பது, 1831இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் அவர் எடுத்துக்காட்டிய கருத்து. உழைப்பே மதிப்பின் ஊற்று என்போருக்கு அவர் அளித்த மறுப்பு அது. இன்றைய பாடநூல்களில் பயன்பாடு, தேவை, விலை ஆகியவற்றை இணைத்துக் கூறும் பகுதிகள் இக்கருத்தின் வழிவந்தவையே.

கருத்து கூர்மையானதுதான். ஆனால், மன்னார் வளைகுடாவின் இருகரையிலும் வாழ்ந்தோருக்கு அக்கணக்கில் வேறொரு பகுதியும் தெரியும். இலங்கைக் கடலின் முத்துக் குளிப்புக்கு நம் கீழக்கரையிலிருந்தும் பிற கரையூர்களிலிருந்தும் குளியாள்கள் சென்று வந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்த முத்துக் குளிப்பில், எடுத்த சிப்பிகளுள் மூன்றில் இரு பங்கு அரசுக்கு உரியது. எஞ்சிய ஒரு பங்கே குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஏலத்தில் விடப்பட்டது. முத்தின் விலை எப்படி அமைகிறது என்பதற்கு வேட்லி விடை கூறினார். அவ்விலை யார் யாருக்கு எவ்வளவு சென்றது என்பது அவ்விடையுள் அடங்கவில்லை. மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கியவனுக்கோ இரண்டாவது வினாவே முதல் வினாவாகும்.

வேட்லி 1833இல் இளைஞருக்கெனப் பணம் பற்றிய எளிய பாடங்கள் சிலவற்றை எழுதினார். அயர்லாந்தின் பொதுப்பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளும் அவற்றைப் படித்தனர். செல்வர் இருப்பதால் ஏழைக்குக் கேடில்லை என்பது அவற்றுள் ஒரு பாடம். இத்தகைய அறிவு பரவினால் கிளர்ச்சி தணியும் என்பது அவர் நம்பிக்கை. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் அந்நாட்டில் மாண்டனர். பள்ளியில் படித்த பாடமும் கண்முன் நின்ற காட்சியும் இவ்வளவு தொலைவில் விலகி நின்ற காலம் வேறெது?

சிறுமியின் வினா

இவ்விடைவெளியைக் கதைப்பாத்திரம் ஒன்றின் வாயிலாக உலகுக்குக் காட்டியவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1854இல் வெளிவந்த ‘ஹார்டு டைம்ஸ்’ என்னும் புதினத்தில் சிஸ்ஸி ஜூப் என்று ஒரு சிறுமி வருகிறாள். சர்க்கஸ் தொழிலாளியின் மகள். பள்ளியில் மந்தமானவள் எனப் பெயரெடுத்தவள். இவ்வகுப்பறையை ஒரு நாடாகக் கொள்க, இந்நாட்டில் ஐந்து கோடிப் பவுன் பணம் உள்ளது, இது வளமான நாடன்றோ என ஆசிரியர் வினவுகிறார். அப்பணம் யாரிடம் இருக்கிறது, அதில் தனக்கும் ஏதேனும் உண்டா என்று தெரியாமல் தன்னால் விடை கூற இயலாது என்கிறாள் அவள். அவ்விடை தவறெனத் தள்ளப்படுகிறது. தான் அறிவிலி என்றே அவளும் நம்பி அழுகிறாள்.

டிக்கன்ஸ் பொருளியலாருக்கு முழு நீதி செய்தார் என நாம் கூறமாட்டோம். அக்காலத்தில் வில்லியம் எல்லிஸ் போன்றோர், உழைப்பாளர் பிள்ளைகளும் கூலியையும் விலையையும் பற்றி அறிதல் வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு 1848 முதல் பள்ளிகளை நிறுவி வந்தனர். 1870இல் மில்லிசென்ட் ஃபாசெட் தொடக்கநிலை மாணவருக்கு எழுதிய நூல், ஒவ்வோர் இயலின் இறுதியிலும் வினாக்களைத் தந்து நெடுங்காலம் பயன்பட்டது. எனினும், சிஸ்ஸியின் வினா அவ்வினாக்களைக் காட்டிலும் நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது.

நம் நாட்டில்

இந்தியாவை ஆள வந்த ஆங்கில இளைஞர்கள் பயின்ற ஹெய்லிபரிக் கல்லூரியில் 1805 முதல் 1834 வரை பொருளாதாரம் கற்பித்தவர் மால்தஸ். பின்னர் நம் கல்லூரிகளும் ஆங்கில நூல்களையே பாடமாகக் கொண்டன. அந்நூல்களின் விதிகள் எந்நாட்டுக்கும் எக்காலத்துக்கும் பொருந்துவன அல்ல என்று 1892இல் பூனாவின் டெக்கான் கல்லூரியில் துணிந்து உரைத்தார் மகாதேவ் கோவிந்த ரானடே.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915இல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர் செய்தது இவ்வரலாற்றில் தனிச்சிறப்புடையது. அவர் ஒரு வினாப்பட்டியலை ஆயத்தம் செய்து, விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவரிடம் அளித்தார். நிலம் யாருக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி என்ன என்று மாணவர் தம் ஊரிலேயே கேட்டறிந்து எழுதினர். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் முதலிய சிற்றூர்கள் 1918இல் வெளிவந்த நூலில் இடம்பெற்றன. அவ்வூர்களுக்கு ஆய்வாளர்கள் 1936-37இல் மீண்டும் சென்றனர். இருவேல்பட்டைப் பற்றிய ஆய்வோ 2008 வரை தொடர்ந்தது. விடுமுறைப் பாடமாகத் தொடங்கிய ஒன்று, ஏறத்தாழ நூறாண்டுக் கால மாற்றத்தை அளக்கும் கோலாக அமைந்தது. சிஸ்ஸியிடம் தவறெனத் தள்ளப்பட்ட வினாவையே சிலேட்டர் தம் மாணவருக்குப் பாடமாக்கினார் என்பது நம் துணிபு.

கோத்தாரிக் குழுவின் பரிந்துரையைத் தழுவி, 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. அதுவரை புகுமுக வகுப்பில் கல்லூரியில் பயின்ற பொருளியலைப் பள்ளி மாணவர் தமிழிலேயே பரவலாகக் கற்கும் நிலை உருவாயிற்று. இன்று ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் சமூக அறிவியலிலும் பொருளியலுக்கு இடமுண்டு. இது சிறிய பேறன்று. ஆயின், விதிகளை உருப்போட்டு வரைபடத்தை வரைந்து மதிப்பெண் பெறுவதோடு அக்கல்வி நின்றுவிடின், காரோலினின் கூடத்திலேயே நாமும் அமர்ந்திருப்பவராவோம்.

வரைபடம் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. விலை எப்படி அமைகிறதென அறியாதவன் சந்தையில் ஏமாறுவான். ஆனால், நாட்டு வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்துத் தலா வருமானம் காணும் கணக்கை ஆசிரியர் கரும்பலகையில் முடிக்கும்போது, கடைசி வரிசையில் ஒரு மாணவியின் கை உயரலாம். அவள் தந்தை படகிலோ பீடிக் கடையிலோ உழைப்பவராக இருக்கலாம். இத்தொகை எங்கள் வீட்டுக்கு வரவில்லையே ஐயா என்று அவள் கேட்கக்கூடும். அக்கையைத் தாழ்த்திவிடாமல், அவ்வினாவிலிருந்தே அடுத்த பாடத்தைத் தொடங்கும் ஆசிரியரே பொருளியலைக் கற்பித்தவராவார்.