தேடல் முடிவும் முழு உண்மையும்

இணையத்தில் ‘மகாகவி’ எனத் தேடினால் பாரதியாரே முன்வந்து நிற்கிறார். அதே பெயரில் எழுதிய அளவெட்டிக் கவிஞர் து. உருத்திரமூர்த்தியைக் (1927–1971) காண ஊரையோ இயற்பெயரையோ சேர்த்துத் தேட வேண்டியுள்ளது. இதில் வியப்பில்லை. கூகுள் நிறுவனர்கள் 1998இல் விளக்கிய ‘பேஜ்ராங்க்’ முறை, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எந்த அளவுக்குச் சுட்டுகின்றன என்பதையே எடைபோட்டது. பின்னர் வேறு அளவுகோல்களும் சேர்ந்தன. ஆயினும் பலரால் சுட்டப்படுவது வேறு, மெய்யாயிருப்பது வேறு.

மெய்யை ஓரளவு சோதிக்கலாம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமாக்கி வைத்துள்ளது. ஐயம் எழுந்தால் மூலத்தோடு ஒப்பிடலாம்.

முழுமையைச் சோதிப்பதே கடினம். இல்லாதது தேடலில் அகப்படுவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஓலைச்சுவடிகளை இனி எவரும் இணையத்தில் ஏற்ற இயலாது. வேண்டுமென்றே விடப்படுவனவும் உண்டு. யாழ்ப்பாண வரலாற்றைக் கூறும் ஒரு பக்கத்தின் ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கலாம். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியமை அதில் இல்லையெனில், எத்தனை இணைப்புகள் அதனைச் சுட்டினும், அதை முழுமையானதென நாம் ஏற்கோம்.