சாஸ்நாலாவும் ராணிகஞ்சும்

1975 டிசம்பர் 27 பிற்பகலில், தன்பாத் அருகேயுள்ள சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். 1989 நவம்பர் 13 அன்று, மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் வட்டாரத்து மகாவீர் சுரங்கத்திலும் வெள்ளம் புகுந்தது. அங்கே சிக்கிக்கொண்ட 71 பேரில் 65 பேர் உயிரோடு மேலே வந்தார்கள். சாஸ்நாலாவை மனத்தில் கொண்டு 1979இல் 'காலா பத்தர்' படம் வந்தது. ராணிகஞ்ச் மீட்பை 2023இல் 'மிஷன் ராணிகஞ்ச்' திரைக்குக் கொண்டுவந்தது. ஒன்று துயரமாகவும் மற்றது வீரமாகவும் மனத்தில் தங்கிவிட்டதால், இரண்டு சுரங்கத்திலும் பாய்ந்தது ஒரே வகைத் தண்ணீர் என்பதை யாரும் பேசுவதில்லை.

நெய்வேலியில் சுரங்கம் என்றால் வானம் பார்த்த பெரும் பள்ளம். சாஸ்நாலா அடங்கிய ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரி வயல்களில் பல சுரங்கங்கள் பூமிக்குள் இருட்டில் குடைந்து போனவை. கரியை எடுத்து முடித்த குடைவைக் கைவிட்டதும் அங்கே பம்பு ஓடாது. மழைநீரும் ஊற்றுநீரும் ஆண்டுக்கணக்கில் அதில் சேரும். அதன் கீழேயோ பக்கத்திலேயோ புதிதாக வெட்டுகிறவர்களுக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே இருப்பது வெட்டாமல் விட்ட கரிச்சுவர் மட்டும்தான். அதன் கனம் எவ்வளவு என்பதை வரைபடம்தான் சொல்ல வேண்டும். வரைபடம் பிசகினால் வெட்டுகிறவனுக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் 1957ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க விதிமுறைகள், கைவிட்ட குடைவுக்கு 60 மீட்டருக்குள் முன் அனுமதியில்லாமல் வேலை செய்யக் கூடாது, முன்கூட்டியே துளை போட்டுப் பார்த்துத்தான் முன்னேற வேண்டும் என்றன. சாஸ்நாலாவுக்கு 18 ஆண்டு முன்பே ஆபத்து சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

சாஸ்நாலாவில் மேலே தேங்கியிருந்த பழைய தண்ணீர் தடுப்பை உடைத்துக்கொண்டு இறங்கியது. ஓடித் தப்ப அவகாசமே இல்லை. தண்ணீரை இறைக்கச் சோவியத் நாட்டிலிருந்தும் போலந்திலிருந்தும் பம்புகள் வந்தன. உடல்களை எடுக்கத் தொடங்கவே வாரக்கணக்கானது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவரும் எண் போட்ட தொப்பிவிளக்கை வாங்கிக்கொண்டு போவார். ஷிப்டு முடிந்து திரும்பாத விளக்குகளை எண்ணினால் உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கு ஒரே நாளில் முடிந்துவிடக்கூடியது. நீதிமன்றக் கணக்கோ 2012 வரை நீண்டது. அப்போது குற்றவாளிகளுக்குக் கிடைத்தது ஓராண்டுச் சிறைத் தண்டனை. செத்தவனின் பிள்ளைக்கே அதற்குள் நடுவயது ஆகியிருக்கும்.

மகாவீரில் கரி உடைக்க வைத்த வெடி, தண்ணீர் தேங்கிய பழைய குடைவின் சுவரைப் பிளந்துவிட்டது. 6 பேர் மூழ்கிப்போனார்கள். மற்றவர்கள் சுரங்கத்தின் மேடான பகுதிக்கு ஒதுங்கினார்கள். அங்கே காற்று மிச்சமிருந்தது, தரையிலிருந்து துளையிட்டால் எட்டிவிடும் ஆழம். சாஸ்நாலாவில் இந்த வாய்ப்பு அமையவில்லை. பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் ஆள் நிற்கும் அளவுக்கு ஓர் இரும்புக் கூண்டு செய்வித்தார். சுமார் 22 அங்குல அகலத் துளை, அதற்குள் உரசாமல் போய்வரும் கூண்டு. தோளைக் குறுக்கி, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டால்தான் ஒருவர் நிற்கலாம். அதில் கில்லே கீழே இறங்கினார். ஒவ்வொருவராக 65 பேரையும் ஏற்றிவிட்டுத் தாம் கடைசியாக மேலே வந்தார். இவ்வளவு துணிச்சலுக்கு எந்த விருதும் பெரிதல்ல.

ஆனால் கில்லைக் கொண்டாடிய நாடு, அவரை அந்தத் துளைக்குள் இறங்க வைத்த சுவரைப் பற்றி அதே அக்கறையோடு கேட்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. இரண்டு இடத்திலும் சறுக்கியது ஒரே இடத்தில்: தண்ணீர் எங்கே நிற்கிறது, நடுவே எவ்வளவு கரி இருக்கிறது என்று உறுதிசெய்யாமல் வெட்டினார்கள். மகாவீரில் ஆட்களைக் காப்பாற்றியது மேட்டின் அமைப்பும் ஒரு மனிதரின் நெஞ்சுரமும். நிர்வாகம் இவற்றை நம்பி அடுத்த ஷிப்டை அனுப்ப முடியாது. 2001 பிப்ரவரி 2 அன்று, அதே ஜாரியா வயலின் பாக்டிகி சுரங்கத்துக்குள் பக்கத்துப் பழைய குடைவின் தண்ணீர் பாய்ந்து 29 பேர் இறந்தார்கள். சாஸ்நாலாவுக்குப் பின் 25 ஆண்டுகள், ராணிகஞ்சுக்குப் பின் 11 ஆண்டுகள்.