சுன்னாகத்து நினைவகம்: ஒரு பழைய கொம்பியூட்டரின் கதை

எங்கட வீட்டு முன்னறையில் ஒரு பழைய டெஸ்க்டொப் இருக்கிறது. 2006 தொடக்கத்தில் அப்பா கொழும்பிலிருந்து பஸ்ஸில் மடியில வச்சுக் கொண்டுவந்தது. இன்டெல் 945 சிப்செற், 512 எம்பி நினைவகம். வரலாறு படிக்கிறவன் கண்ணுக்கு அதுவும் ஒரு ஆவணம்தான்.

1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கியபோது குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரிகூட வராது. ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ. உலகம் 486, பென்ரியம் என்று போய்க்கொண்டிருந்த காலம் அது. 2002இல் சமாதான ஒப்பந்தத்தோடு ஏ9 திறந்த பிறகுதான் எங்களைப் போன்ற கனக்க வீடுகளுக்குக் கொம்பியூட்டர் வந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டுப்பட்டது. அதனால் எங்கட மெஷினுக்குள் என்ன இருந்ததோ அதுவே கனகாலம் இருந்தது.

2022இல் அதைத் திறக்கவேண்டி வந்தது. அம்மம்மாவின் றங்குப் பெட்டியில், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு மாமா வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கறையான் பிடிக்கத் தொடங்கிவிட்டது. ஸ்கேன் செய்யலாம் என்றால், இரண்டு பெரிய படம் திறந்தவுடன் மெஷின் உறைந்துவிடும். புது லப்டொப் வாங்கவும் வழியில்லை. மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டிருந்தது. ராம் கூட்டுவதுதான் ஒரே வழி.

முதலில் நான் வாங்கிவந்த துண்டு உள்ளேயே போகவில்லை. அது டிடிஆர் 3. டிடிஆர் 2க்கும் 3க்கும் 240 கால்கள்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். 2003இல் வந்த டிடிஆர் 2 எடுப்பது 1.8 வோல்ற், 2007இல் வந்த டிடிஆர் 3 எடுப்பது 1.5. மாறிப் போட்டு எரிக்கக்கூடாது என்றுதான் அந்த வெட்டு. ஆகவே போகாவிட்டால் அமத்தாதீர்கள்.

இரண்டாவது, மலிவாகக் கிடைத்த 4 ஜிபி டிடிஆர் 2. போட்டவுடன் நீட்டி நீட்டிப் பீப் சத்தம், திரை கறுப்பு. சந்தையடியில் திருத்துற அண்ணை ஒருவர் துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உதில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனீரோ? ஏஎம்டிக்கு மட்டும்."

"ராம் எல்லாம் ஒண்டுதானே அண்ணை?"

"ஒண்டெண்டால் ஏன் பீப் அடிக்குது?"

நினைவகச் சிப்புக்குள் கலங்கள் நிரை, நிரலாக அடுக்கப்பட்டிருக்கும். அந்த மலிவுத் துண்டின் அடுக்குமுறையை அக்கால இன்டெல் சிப்செற்றுக்கு வாசிக்கத் தெரியாது.

அவரே பழைய மெஷின்களிலிருந்து இரண்டு 2 ஜிபி துண்டுகள் எடுத்துத் தந்தார். அதுவும் உடனே வேலை செய்யவில்லை. அவர் சொல்லித்தந்த ஒழுங்கு இது: பிளக்கைக் கழற்று. பவர் பட்டனை ஒருக்கா அமத்தி மிச்சக் கரண்டை வெளியேற்று. கேசின் இரும்பைத் தொட்டு, கையிலுள்ள நிலைமின்னை இறக்கு. துண்டின் பொன்னிறக் கால்களை அழிறப்பரால் மெதுவாகத் துடை. பிறகு ஒரு துண்டு, ஒரு ஸ்லொட். மாத்தி மாத்திப் போட்டுப் பார். துண்டில் பிழையா, ஸ்லொட்டில் பிழையா என்று அப்பதான் பிடிபடும். எங்கட மெஷினில் பிழை இரண்டாவது ஸ்லொட்டில் இருந்தது. பதினாறு வருசத் தூசி.

4 ஜிபி போட்டும் விண்டோஸ் 3.2 ஜிபிக்குக் கிட்டத்தான் காட்டியது. கள்ளச் சாமானோ என்று பயந்தேன். இல்லை. 32 பிட்டால் எண்ணக்கூடிய முகவரிகள் 4 ஜிபிக்குத்தான் போதும். அதில் ஒரு பங்கை கிராபிக்ஸ் முதலான மற்றப் பாகங்கள் எடுத்துக்கொள்கின்றன.

இந்த வகை நினைவகத்தை 1960களில் ஐபிஎம்மில் கண்டுபிடித்தவர் ரொபேர்ட் டெனார்ட். காப்புரிமம் கிடைத்தது 1968இல். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கொள்ளளவி. கொள்ளளவியிலுள்ள மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லிசெக்கனுக்குள் ஒவ்வொரு கலத்தையும் திரும்ப வாசித்து, திரும்ப எழுதவேண்டும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

இதைச் சுன்னாகத்துக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மின்நிலையம் இருக்கிற ஊர் இது. ஆனாலும் குடாநாடு நாட்டின் மின்வலையோடு திரும்ப இணைந்தது 2013இல்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த வருசம் நான் பழகிய ஒரே நல்ல பழக்கம், ஒவ்வொரு கடிதமும் ஸ்கேன் ஆனவுடன் சேவ் பண்ணி, பென்டிரைவிலும் ஒரு பிரதி போடுவது.

நாங்கள் நினைவைப் பற்றிப் பேசும்போது 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைத்தான் முதலில் சொல்கிறோம். சொல்லத்தான் வேணும். ஆனால் நெருப்பில்லாமலே, கறையானாலும் கவனக்குறைவாலும் வீட்டுக்குவீடு அழிவது எவ்வளவு? 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் பார்த்தபோது பெரிய ஆக்களின் வேலை என்று நினைத்தேன். அழிறப்பரும் இரண்டு பழைய துண்டும் இருந்தால் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

பெட்டியில் இருந்த கடிதங்களில் மூன்றைக் கறையான் முற்றாகத் தின்றிருந்தது. அதில் என்ன இருந்தது என்று அம்மம்மாவிடம் கேட்டேன். ஒன்றை மட்டும் சொன்னா. மற்ற இரண்டும் ஞாபகமில்லையாம்.